ரெண்டு கிராம் நியாசினமைடும் என் கைப்பக்குவமும்

"ஏன் கண்ணு, குளுகுளுன்னு மலை மேல இருக்கற, மூஞ்சி ஏன் இப்படி மங்கு விழுந்து கெடக்குது?"

மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியம்மா இப்படிக் கேட்டதும் பக்கத்து இலைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைத் தூக்காமல் ரசம் சாதத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டு கன்னத்து எலும்பின் மேலும் தேநீர்க் கறை மாதிரி மங்கு. தாடையோரம் பரு வந்து போன கரும்புள்ளிகள். கண்ணோரத்தில் சிரிக்காதபோதும் போகாத கோடுகள். எனக்கு அப்போது 41 வயது.

குன்னூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுவது என் தொழில். குளிர் ஊர்க்காரிக்கு எண்ணெய்ச் சருமம் என்றால் கீழே யாரும் நம்புவதில்லை. சாக்லேட் உருக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தின் ஆவியில் தினமும் நான்கு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும். பதினொரு மணிக்கெல்லாம் மூக்கும் நெற்றியும் வழியும். போய்ச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவேன். தோல் இழுத்துப் பிடிக்கும், ஒரு மணி நேரத்தில் மறுபடி வழியும். ஒரு நாளைக்கு நான்கு தடவை இப்படிக் கழுவிக் கழுவியே தோலின் மேல்பூச்சைக் கெடுத்துக்கொண்டிருந்தேன் என்பது பின்னால் புரிந்தது. உள்ளே எண்ணெய், மேலே வறட்சி. ரெண்டும் ஒரே முகத்தில் இருக்கலாம்.

கடையில் விற்கும் சீரம், அதாவது முகத்தில் பூசும் மருந்துக் கரைசல், 30 மில்லி அறுநூறு ரூபாய். பின்னால் அச்சடித்திருந்த பட்டியலைப் படித்தால் முதல் பெயரே தண்ணீர். "நாமளே கலக்கிக்கலாமே" என்று அப்போதுதான் தோன்றியது. பதினோரு வருஷமாகக் கைப்பக்குவத்தில் பிழைக்கிறவள் நான். சாக்லேட் பதத்தை உதட்டில் ஒரு துளி வைத்தே சொல்லிவிடுவேன். இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

முதல் கலவையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மெடிக்கலில் கிடைக்கும், சப்பிச் சாப்பிடுகிற வைட்டமின் சி மாத்திரை ஆறு. அதை இடித்துப் பன்னீரில் கரைத்து, கொஞ்சம் கிளிசரின், முற்றத்துக் கற்றாழையைக் கீறி எடுத்த ஜெல். அந்த மாத்திரையில் வைட்டமினைவிடச் சர்க்கரையும் ஆரஞ்சு நிறமும் அதிகம் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. பூசியதும் எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று ஒரு மூடநம்பிக்கை நமக்கு உண்டே, அதில் நானும் பொறுத்துக்கொண்டேன். நான்காம் நாள் புட்டி நாட்டுச் சர்க்கரைப் பாகு நிறத்துக்கு வந்திருந்தது.

ஊட்டியில் பார்மஸி படிக்கிற அண்ணன் மகள் அந்த வாரக் கடைசியில் வந்தாள். புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அத்தை, இது சீரம் இல்ல, செத்துப்போன சர்பத்" என்றாள்.

அவள் சொல்லித்தான் வைட்டமின் சியின் குணம் புரிந்தது. சுத்தமான வடிவத்துக்கு எல்-அஸ்கார்பிக் ஆசிட் என்று பெயர். தண்ணீரில் கரைந்த நிமிடத்திலிருந்தே காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து கெட ஆரம்பிக்கும். மஞ்சளாகி, பழுப்பாகும். பழுப்பாகிப்போனது தோலுக்கு நல்லது எதுவும் செய்யாது. அதோடு அது தோலுக்குள் இறங்க வேண்டுமானால் கரைசலின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.5க்குக் கீழே இருக்க வேண்டும். ஷெல்டன் பின்னல் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 2001இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். 20 சதவீதத்துக்கு மேல் போட்டால் கூடுதல் பயன் இல்லை என்பதும் அதே ஆராய்ச்சியில் வந்தது. 2005இல் அதே குழு, 15 சதவீத வைட்டமின் சியும் 1 சதவீத வைட்டமின் ஈயும் இருக்கிற கரைசலில் அரை சதவீதம் பெருலிக் ஆசிட் என்ற தாவரப் பொருளைச் சேர்த்தால் கரைசல் நிலைத்து நிற்கிறது, வெயிலிலிருந்து தரும் காப்பும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று காட்டியது. விலை கூடிய சீரங்கள் பலவற்றின் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

அதை என் அடுப்படியில் செய்ய முடியுமா? பெருலிக் ஆசிட் தண்ணீரில் லேசில் கரையாது, அதற்குத் தனிக் கரைப்பான் வேண்டும். எங்கள் ஊர் ஈரத்தில் அஸ்கார்பிக் பொடியே மூடி திறந்த பத்து நாளில் கட்டி தட்டிவிடும். வைட்டமின் சியை நான் கைவிட்டேன். வெட்கமே படவில்லை. வேண்டும் என்பவர்கள் ஒரு வாரத்துக்கு மட்டும் கலந்து ஃபிரிட்ஜில் வைத்துப் பூசலாம், அல்லது கடையில் வாங்கிவிடலாம்.

இரண்டாவது கலவை இன்னும் மோசம். அதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பெருமையும் இருந்தது. நீலகிரியில் இருந்துகொண்டு தேயிலை இல்லாமல் சீரமா? நல்ல கிரீன் டீயைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதையே தண்ணீருக்குப் பதிலாக வைத்தேன். மறுபடி கற்றாழை. ரெண்டு வைட்டமின் ஈ மாத்திரையை ஊசியால் குத்திப் பிழிந்தேன், "இது கெடாம பாத்துக்கும்" என்று எங்கோ கேட்டிருந்ததால். எங்கள் ஊரிலேயே பெட்போர்டு பக்கம் இருக்கும் மாமா வீட்டிலிருந்து வந்த விண்டர்கிரீன் தைலத்திலும் மூணு சொட்டு, மணத்துக்கு.

ஒன்பதாம் நாள் காலையில் புட்டிக்குள் பஞ்சு நூல் மாதிரி ஒன்று மிதந்தது. பூஞ்சை.

குளிர்ப் பிரதேசத்தில் எதுவும் சீக்கிரம் கெடாது என்று நாங்கள் எல்லாரும் நம்புகிறோம். மாவு புளிக்க ஒன்றரை நாள் ஆகிற ஊர் அல்லவா. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இதே வீட்டுச் சுவரில் பச்சையும் கறுப்பும் படர்கிறதே, தோல் செருப்பில் வெள்ளை பூக்கிறதே, அது எந்தக் குளிரில் வளர்ந்ததாம்? கண்ணில் பட்ட பூஞ்சையாவது பரவாயில்லை, எச்சரித்துவிட்டுப் போனது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா கோடிக்கணக்கில் இருந்தாலும் திரவம் தெளிவாகவே தெரியலாம். பருவுள்ள முகத்தில் அதைத் தேய்ப்பது எப்படிப்பட்ட காரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். கிருமியை அது ஒன்றும் செய்யாது. இது தெரியாமல் எத்தனை பேர் கற்றாழை ஜெல்லில் அதைப் பிழிந்து மாதக்கணக்கில் வைத்துப் பூசுகிறார்களோ! தைலம் விஷயம் தனிக்கூத்து. விண்டர்கிரீனில் பெரும்பங்கு மெத்தில் சாலிசிலேட், மூட்டுவலிக்குத் தேய்க்கிற சரக்கு. மூணு சொட்டுக்கே கன்னம் தக்காளியாகிவிட்டது. யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல், எது ஆனாலும் முகத்துக்கு வேண்டாம். மணம் வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்துவிடலாம்.

என் மாமியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் கிண்ணத்தோடு வந்தார். பயத்தம் மாவு, தயிர், எலுமிச்சைச் சாறு. "நாங்கல்லாம் இதுலதான் வளர்ந்தோம்." பயத்தம் மாவையும் தயிரையும் நான் எதிர்க்கவில்லை. எலுமிச்சையை மட்டும் வேண்டாம் என்றேன். அதன் பி.எச். இரண்டு, இரண்டரை. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சாறு பட்ட இடமெல்லாம் தோல் வெந்து கறுத்துவிடலாம். மங்கைப் போக்கப் போய்ப் புது மங்கை வாங்கிவருகிற வழி. அவர் முகம் சுளித்துக்கொண்டு போனார். ரெண்டு நாள் பேச்சு இல்லை.

எங்கள் ஊரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு ஊசி மருந்து செய்த இடம். சிம்ஸ் பூங்கா பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்ப்பேன். பூஞ்சை பூத்த வாரத்தில் அதைத் தாண்டிப் போனபோது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு கூட்டம் கிருமி புகாமல் திரவத்தைப் புட்டியில் அடைக்கும் வேலையை என் வீட்டுப் பக்கத்திலேயே செய்துகொண்டிருக்கிறது. நானோ காபி வடிகட்டியில் டீயை வடிகட்டி முகத்துக்குச் சீரம் என்கிறேன்.

மூன்றாவது தடவைக்கு முன்னால் இரண்டு மாதம் எதுவும் கலக்கவில்லை. அண்ணன் மகளோடு உட்கார்ந்து ஒரு நோட்டுப் போட்டேன். அவள் முதலில் கேட்டது, "உங்களுக்கு என்ன வேணும் அத்தை? வெள்ளையாகணுமா?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன். வெள்ளை வேண்டாம். என் நிறம் என் நிறமாக இருக்கட்டும், திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சீராக இருந்தால் போதும். இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. கூடலூர் தாண்டி நாடுகாணி இறங்கினால் மலப்புரம். 2023இல் அந்த மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், விசாரித்தால் எல்லாரும் ஏதோ ஒரு வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்கள், அதில் பாதரசம் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். சந்தையில் லேபிள் இல்லாத டப்பாவில் விற்கிற "நைட் க்ரீம்" எதையும் தொடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த ட்யூப்பும் அப்படித்தான். முதல் மாதம் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு, பிறகு தோலை மெலியவைத்து, நிறுத்தினால் சிவந்து கொப்புளிக்கும்.

சீராகுவதற்கும் எண்ணெய் குறைவதற்கும் சேர்த்து ஒரே பொருளாக அவள் காட்டியது நியாசினமைட். வைட்டமின் பி3 வகை. வெள்ளைப் பொடி, தண்ணீரில் சுலபமாகக் கரையும், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் பயப்படாது. தோலில் நிறமியைச் செய்கிற செல்லிலிருந்து மேல் செல்களுக்கு அந்த நிறமி கைமாறுவதை இது குறைக்கும். கடையில் சரக்கு இருந்தாலும் டெலிவரி நடக்காத மாதிரி. தோலின் மேல்பூச்சையும் பலப்படுத்தும். 2 சதவீதத்திலேயே எண்ணெய் வழிவது குறையும், 4, 5 சதவீதத்தில் கரும்புள்ளிக்கும் மெல்லிய கோடுகளுக்கும் பலன். அதற்கு மேல் போட்டால் பெரிதாக லாபம் இல்லை, எரிச்சல்தான் மிச்சம்.

இந்தக் கடைசி வரியை நான் நம்பவில்லை. பொடி வந்ததும் ஒரு டீஸ்பூன், இன்னொரு டீஸ்பூன், "சும்மா கொஞ்சம்" என்று மூணாவதும் போட்டேன். கைப்பக்குவம்! இரவு பூசினேன். கழுத்து வரைக்கும் சிவந்து, அடுப்புக்குள் தலையைவிட்ட மாதிரி சூடு. பிறகு அதே ஸ்பூனைத் தலைதட்டித் தலைதட்டி எடை போட்டுப் பார்த்தேன். ஒருமுறை 2.1 கிராம், அடுத்த முறை 2.9. அதே ஸ்பூன், அதே கை. பருப்புக் குழம்பில் இந்த வித்தியாசத்தை ஒரு துண்டு புளி சரிக்கட்டிவிடும். முகத்தில் சரிக்கட்ட ஒன்றும் இல்லை.

என் சாக்லேட் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. ஆன்லைனில் நகைத் தராசு ஒன்று வாங்கினேன், 0.01 கிராம் வரை காட்டும், சில நூறு ரூபாய்தான். இந்த முழுக் கதையிலும் உருப்படியாகச் செலவழித்த பணம் அதுதான். கூடவே ஒரு சரிபார்க்கும் எடைக்கல் வரும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மலையில் தரை குளிர்ந்தால் எண் தானாகவே மேலும் கீழும் ஓடும். ஜன்னல் காற்றும் படக்கூடாது. நான் தராசை ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து நிறுக்கிறேன்.

இப்போது நான் கலக்குவது இதுதான், 50 கிராமுக்கு. டிஸ்டில்டு வாட்டர் 44.75. நியாசினமைட் 2.00. ஆல்ஃபா ஆர்புட்டின் 0.50, இதுவும் நிறமி உண்டாவதைக் குறைப்பது. கிளிசரின் 1.50. பேந்தனால் 0.50, எரிச்சலைத் தணிக்க. சோடியம் ஹையலுரோனேட் 0.10, ஈரத்தைப் பிடித்துவைக்க. சாந்தன் கம் 0.10, கெட்டியாக்க. டைசோடியம் ஈ.டி.டி.ஏ. 0.05, கரைசலில் இருக்கிற உலோகச் சுவடுகளைக் கட்டிவைக்க. கடைசியாக, பினாக்சி எத்தனாலும் எத்தில்ஹெக்சில் கிளிசரினும் கலந்து வரும் பிரிசர்வேட்டிவ் (கிருமி வளராமல் காப்பது) 0.50, அதாவது ஒரு சதவீதம். எண்ணெய் ஒரு சொட்டு கிடையாது. எண்ணெய்ச் சருமத்துக்கு எண்ணெய் ஆகவே ஆகாது என்பதில்லை, ஆனால் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து நிற்க வேறு சரக்கு வேண்டும், அது வேறு பாடம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.ஓ. தண்ணீர் ஆகாது, அதில் உப்பும் உண்டு, கிருமியும் உண்டு. பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரும் வேண்டாம், அது தோலுக்கென்று அடைத்தது இல்லை. நான் கோவையில் ஆய்வகப் பொருள் விற்கிற கடையிலிருந்து அஞ்சு லிட்டர் கேன் வாங்கி வருகிறேன். எங்கள் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பது தெரியும்தானே. ஒருமுறை சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி, "என்னம்மா கேன்?" என்றார்கள். "குடிக்கிற தண்ணி இல்லைங்க, மூஞ்சிக்குப் பூசறது" என்றேன். பஸ்ஸே சிரித்தது. விட்டுவிட்டார்கள்.

கலக்கும் முறையில் எனக்கு இடறிய இடங்கள் இரண்டு. ஹையலுரோனேட்டைத் தண்ணீரில் கொட்டிக் கிளறினால் மீன்முட்டை மாதிரி கட்டி கட்டியாக நிற்கும், எவ்வளவு அடித்தாலும் உடையாது. உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் எப்படி இறுகுமோ அந்த மாதிரி ஆத்திரம் வரும். மேலே தூவி, மூடி, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி விட்டால் தானாகக் கரைந்து தெளிந்திருக்கும். சாந்தன் கம்மை முதலில் கிளிசரினில் குழைத்துக்கொண்டு பிறகு தண்ணீரில் விட வேண்டும், கோதுமை மாவை எண்ணெயில் பிசிறிக்கொள்வதைப் போல.

அடுத்தது எங்கள் குளிரால் வந்த வினை. மார்கழியில் அடுப்படியே 12 டிகிரிதான். பிரிசர்வேட்டிவை ஊற்றியதும் அது கலக்காமல் அடியில் எண்ணெய் முத்துப்போல உட்கார்ந்துவிட்டது. அப்படியே புட்டியில் அடைத்திருந்தால் மேல்பாதியில் காப்பு இல்லை, அடிப்பாதியில் அளவுக்கு மேல். இப்போதெல்லாம் பாத்திரத்தைக் கை பொறுக்கிற வெந்நீரில் வைத்து, கரைசல் 35 டிகிரிக்கு வந்த பிறகு ஊற்றி, பத்து நிமிடம் விடாமல் கலக்குகிறேன். சாக்லேட் தெர்மாமீட்டர் இதற்கு உதவுகிறது. அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையே ரெண்டுக்கும் பயன்படுத்தினால் முகத்தில் எறும்பு வரும்.

பிறகு பி.எச். நியாசினமைட் கரைசல் 5க்கும் 7க்கும் நடுவில் இருப்பது நல்லது. புளிப்பு அதிகமானால் அது நாளாவட்டத்தில் நிக்கோடினிக் ஆசிட்டாக உடையும், முகம் குப்பென்று சிவப்பது அதனால்தான். நான் 5.5இல் நிறுத்துகிறேன். சிட்ரிக் ஆசிட்டைப் பத்து சதவீதக் கரைசலாகச் செய்து, ஒரு சொட்டு விட்டுக் கலக்கி, காகிதத்தில் தொட்டுப் பார்த்து, அடுத்த சொட்டு. பொடியாக நேரே போட்டால் ஒரே தூக்காகக் கீழே போய்விடும். 4 முதல் 7 வரை மட்டும் காட்டுகிற பி.எச். காகிதம் வாங்குங்கள், 1 முதல் 14 வரை ஒரே துண்டில் காட்டுவதில் பாதி எண்ணைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதைப் பல்பு வெளிச்சத்தில் படிக்காதீர்கள். நான் ஒருதடவை மஞ்சள் பல்பில் 5.5 என்று எழுதியது காலையில் ஜன்னலோரம் 4.5 ஆக இருந்தது. பகலில் பனிமூட்டம் விலகும்வரை காத்திருந்துதான் இப்போது பார்க்கிறேன்.

பாத்திரம், ஸ்பூன், புட்டி எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்து, 70 சதவீத ஆல்கஹால் தெளித்துத் துடைக்காமல் உலரவிடுவேன். 99 சதவீதத்தைவிட 70 சதவீதம்தான் கிருமியைக் கொல்வதில் நன்றாக வேலை செய்யும், தண்ணீர் இருந்தால்தான் உள்ளே இறங்கும். சொட்டு ரப்பர் வைத்த புட்டி பார்க்க அழகு, ஆனால் முகத்தைத் தொட்டுத் தொட்டு உள்ளே போகும். பம்ப் மூடி போட்ட கரும்பழுப்புக் கண்ணாடிப் புட்டிக்கு மாறிவிட்டேன். தேதி எழுதி ஒட்டுவேன். இரண்டு மாதம் ஆனால் மீதம் எவ்வளவு இருந்தாலும் தொட்டியில் ஊற்றிவிடுவேன், ஏனென்றால் கிருமிப் பரிசோதனை செய்ய என்னிடம் ஆய்வகம் இல்லை. அதனால்தான் 50 கிராமுக்கு மேல் கலக்குவதும் இல்லை.

புதுப் புட்டி ஒவ்வொன்றையும் முதலில் முழங்கை மடிப்பில், ராத்திரி ராத்திரி, இரண்டு நாள் பூசிப் பார்ப்பேன். பிறகு காதுக்குக் கீழே தாடையில். அதற்குப் பிறகுதான் முகம். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஈரம் முழுக்கப் போகும் முன்னால் மூணு அமுக்கு. தை மாதம் உறைபனிக் காலத்தில் காற்று எலும்பு மாதிரி காய்ந்திருக்கும். அப்போது வெறும் ஹையலுரோனேட்டை உலர்ந்த முகத்தில் பூசினால் இன்னும் இழுக்கும். மேலே மெல்லிய ஜெல் மாய்ஸ்சரைசர் ஒன்று அவசியம். சுடுதண்ணீரையும் சோப்பையும் விட்டேன். ரெண்டு வேளைக்கு மேல் முகம் கழுவுவதில்லை. எண்ணெய் குறைந்ததில் சீரத்துக்கு எவ்வளவு பங்கு, இதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் ஒரே ஜன்னலில், ஒரே நேரத்தில், வாரம் ஒரு படம் எடுத்தேன். நான்காம் வாரம் ஒன்றும் இல்லை. நிறுத்திவிடலாமா என்றிருந்தது. ஆறாம் வாரம் மத்தியானத்து வழிச்சல் குறைந்தது நன்றாகத் தெரிந்தது. பத்தாம் வாரம் பருப் புள்ளிகள் பாதி போய்விட்டன. கண்ணோரக் கோடு, உண்மையைச் சொன்னால், பூசிய ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் குறைவாகத் தெரிகிறது. தண்ணீர் குடித்த தோல் கொஞ்சம் உப்பி நிற்பதுதான் அது. சுருக்கத்தில் நிஜமாகவே வேலை செய்கிற ரெட்டினால் வகையை வீட்டில் கலக்க நான் துணியவில்லை. வெளிச்சம் பட்டாலே கெடும், அளவு தப்பினால் தோல் உரியும், கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அது மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டியது.

மங்கு மட்டும் அசையவில்லை.

கோவையில் ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். புட்டியை, நோட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன், திட்டுவார் என்று எதிர்பார்த்து. அவர் நோட்டைப் படித்துவிட்டு, "இதுல தப்பு ஒண்ணும் இல்ல. பகல்ல என்ன போடறீங்க?" என்றார். ஒன்றும் போடுவதில்லை என்றேன். எங்கள் ஊரில் பாதி நாள் வெயிலே தெரியாதே, எப்போதும் மஞ்சுதானே என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்று அவர் சொன்னதுதான் இத்தனை மாதம் நான் கலக்கியதைவிடப் பெரிது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடும். குன்னூர் 1,850 மீட்டர். அப்படியானால் கடல் மட்டத்து ஊர்களைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். மெல்லிய மேகம் சூட்டைத் தடுக்கும், இந்தக் கதிரைப் பெரும்பாலும் விட்டுவிடும். கீழே வெயில் சுட்டால் மக்கள் நிழலுக்கு ஓடுகிறார்கள். இங்கே குளிருக்கு இதமாக இருக்கிறதென்று பத்து மணி வெயிலில் நாற்காலி போட்டு உட்காருகிறோம். உறைபனி நாட்களில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், அப்போது இன்னும் மோசம். மங்குக்கு வெறும் புற ஊதா மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் எதிரி. அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீன் எழுதித் தந்தார். ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும், வெளியில் இருந்தால் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை.

ஆஸ்திரேலியாவில் நாம்பூர் என்ற ஊரில் தொள்ளாயிரம் பேரை நாலரை வருஷம் பார்த்திருக்கிறார்கள். தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. 2013இல் வெளிவந்த ஆய்வு. ஆன்டி-ஏஜிங் என்று நான் தேடி அலைந்தது அந்த ட்யூப்பில்தான் இருந்திருக்கிறது. அதை வீட்டில் கலக்க முயலாதீர்கள். ஜிங்க் ஆக்சைடு பொடி வாங்கி க்ரீமில் குழைத்தால் சன்ஸ்கிரீன் ஆகிவிடாது, எங்கே எவ்வளவு படிந்தது என்று யாருக்கும் தெரியாது, காப்பு இருப்பதாக நினைத்துக்கொண்டு வெயிலில் நிற்பீர்கள்.

இப்போது ஒன்பது மாதம். சீரமும் சன்ஸ்கிரீனும் சேர்ந்து மங்கு ஏறத்தாழ பாதியாக மங்கியிருக்கிறது. வெயிலில் ரெண்டு நாள் அலட்சியமாக இருந்தால் உடனே எட்டிப் பார்க்கும். அது போகாது, அடக்கி வைக்கலாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

கீழ் வீட்டு அக்கா தேயிலை பறிக்கப் போகிறவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு பாட்டில் குடு, காசு வாங்கிக்கோ" என்றார். சாக்லேட் வாங்குகிற கடைக்காரர்களும் கேட்டார்கள், நல்ல பேர் வைத்து விற்கலாமே என்று. சாக்லேட்டுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வைத்திருக்கிறேன். அழகுசாதனம் செய்து விற்க அதற்கென்று தனி உரிமம் வேண்டும், 2020ஆம் வருஷத்து அழகுசாதன விதிகள் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. உரிமம் ஒருபக்கம் இருக்கட்டும், என் புட்டியில் என்ன வளர்கிறது என்று எனக்கே தெரியாதபோது இன்னொருத்தர் முகத்துக்கு நான் எப்படிப் பொறுப்பேற்பது? அக்காவுக்குப் பதிலாக அகல விளிம்பு வைத்த தொப்பி ஒன்றும் ஒரு ட்யூப் சன்ஸ்கிரீனும் வாங்கிக் கொடுத்தேன். தொப்பியைப் போடுகிறார். ட்யூப்பை மகள் கல்யாணத்துக்கென்று பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

மாமியார் இப்போது கிண்ணத்தில் எலுமிச்சை சேர்ப்பதில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை. ஆனால் என் புட்டி நான் பூசுவதைவிட வேகமாகத் தீர்கிறது. போன வாரம் அவர் புறங்கையைப் பார்த்தேன், பளபளவென்று இருந்தது.

தண்ணீர்க் கேனும் அடிக்கு வந்துவிட்டது. இந்த வாரம் கோவைக்கு யார் போகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.